வாசல் காவலர்களுக்குச் சொல்ல வேண்டிய சொற்கள்

1853 ஏப்ரல் 6 அன்று, உட்டாவின் வறண்ட பள்ளத்தாக்கில் சால்ட் லேக் ஆலயத்துக்கு மூலைக்கற்கள் நாட்டப்பட்டன. அமெரிக்காவில் பிறந்த மோர்மன் சபையின் அன்றைய தலைவர் பிரிகாம் யங், ஆலயச் சடங்கு எதற்காக என்பதைக் கூடியிருந்தவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். இந்த வாழ்வை விட்டுப் போனபின் பிதாவின் சந்நிதிக்கு நடந்து திரும்ப வேண்டும். வழியில் தேவதூதர்கள் காவல் நிற்பார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டிய சொற்களையும் காட்ட வேண்டிய அடையாளங்களையும் ஆலயத்தில்தான் பெற முடியும்.

அதற்கு ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன், தெற்கு இத்தாலியில் ஹிப்போனியன் என்ற கிரேக்கக் குடியேற்ற நகரில் ஒரு பெண்ணைப் புதைத்தார்கள். மடித்த சிறு தங்கத் தகடு ஒன்றை உடலோடு வைத்தார்கள். பாதாளத்தில் அவள் செல்ல வேண்டிய வழி அதில் எழுதியிருக்கிறது. வெண்மையான சைப்ரஸ் மரத்தருகே ஓர் ஊற்று தெரியும், அதை அணுகாதே. இன்னும் அப்பால் நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் ஓடும், அதன் முன் காவலர்கள் நிற்பார்கள். அவர்கள் கேட்டால், 'நான் பூமிக்கும் விண்மீன் நிறைந்த வானுக்கும் பிள்ளை, தாகத்தால் வறண்டு மடிகிறேன், அந்த நீரைத் தாருங்கள்' என்று சொல்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் யாருக்கும் ஒரு சிலிர்ப்பு வரும். எனக்கும் வந்தது, இன்னும் அடங்கவில்லை. நான் மோர்மன் அல்ல, கிறிஸ்தவனும் அல்ல. மனிதர்கள் மரணத்தை எதிர்கொள்ள உருவாக்கிய சடங்குகளின் வரலாற்றைப் படிப்பதில் பெரும் ஈடுபாடு உண்டு, அவ்வளவே. அந்தப் படிப்பில் மோர்மன் ஆலயம் அளவுக்குச் சண்டையைக் கிளப்பிய பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை. ஆதாமுக்குக் கடவுள் தந்த ஆதிச் சடங்கு கெட்டுச் சிதறிப்போய், எகிப்திலும் கிரேக்கத்திலும் துண்டு துண்டாக மிஞ்சியது, மோர்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வழியாக மறுபடி முழுமையாக வந்தது என்கிறது ஒரு தரப்பு. ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரத்துவச் சங்கத்தாரான ஃப்ரீமேசன்களிடமிருந்து எடுத்ததற்குப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார், இதில் ஆராய ஒன்றுமில்லை என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே விஷயத்தைச் சீக்கிரமாக முடித்துவிடுகின்றன.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தச் சடங்கில் சில சொற்களையும் கைச்சாடைகளையும் வெளியே சொல்வதில்லை என்று பங்கேற்பவர்கள் உறுதி கொடுக்கிறார்கள். அவற்றை அச்சிட்டு வெளியிடும் வேலை ஜோசப் ஸ்மித்தின் காலத்தை ஒட்டியே தொடங்கிவிட்டது, தேடுபவருக்கு இன்று எல்லாம் கிடைக்கும். ஆனாலும் நான் அவற்றை எழுதப்போவதில்லை. ஒப்பிடுவதற்கு அவை தேவையும் இல்லை.

சடங்கின் அமைப்பைச் சபையே வெளிப்படையாக விளக்குகிறது. தகுதி குறித்த நேர்காணலுக்குப் பின் அனுமதிச் சீட்டு பெற்றவர்கள் மட்டுமே ஆலயத்துக்குள் போகலாம். நீராலும் எண்ணெயாலும் அடையாளமாகக் கழுவி அபிஷேகம் செய்கிறார்கள். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அன்றாட உடைக்குள் அணிய வேண்டிய ஓர் ஆடையும் ஒரு புதுப் பெயரும் தருகிறார்கள். எண்டோமென்ட் எனப்படும் முக்கியச் சடங்கு அடுத்து வருகிறது. உலகப் படைப்பு, ஏதேன் தோட்டம், ஆதாம் ஏவாளின் வீழ்ச்சி, அவர்கள் மீண்டும் கடவுளை நோக்கி நடப்பது எல்லாம் நாடகமாக நிகழ்கிறது. பங்கேற்பவர்கள் தங்களையே ஆதாமாகவும் ஏவாளாகவும் எண்ணி, கட்டம் கட்டமாக உடன்படிக்கைகள் செய்கிறார்கள். கடைசியில் ஒரு திரையைக் கடந்து, விண்ணுலகைக் குறிக்கும் வெளிச்சமான அறைக்குள் நுழைகிறார்கள். சால்ட் லேக் ஆலயத்தில் இதற்கு அறை அறையாக இடம் மாறி நடக்க வேண்டியிருந்தது. சுவர் ஓவியங்களுக்கு நடுவே மனிதர்களே நேரில் நடித்துக்காட்டும் வழக்கம் அங்கே 2019 வரை தொடர்ந்தது. மற்ற ஆலயங்கள் பலவற்றில் திரைப்படமாகத்தான் காட்டுகிறார்கள். 1955இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே கட்டிய ஆலயத்தில் அது தொடங்கியது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஆவணங்கள் தெளிவாகவே பதில் சொல்கின்றன. கழுவுதல், அபிஷேகம், ஆடை மூன்றும் வேதாகமத்தின் யாத்திராகமத்தில் ஆரோனைக் குருவாக்கும் பகுதியில் அதே வரிசையில் இல்லாவிட்டாலும் ஒருசேர இருக்கின்றன. 1836இல் ஒஹாயோவின் கர்ட்லண்டில் கட்டிய முதல் ஆலயத்திலேயே கழுவலும் எண்ணெய் அபிஷேகமும் நடந்தன. புதுப் பெயர் எழுதிய வெண்கல், வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறது. எஞ்சிய பகுதிக்கு 1842க்கு வர வேண்டும். அப்போது மோர்மன்கள் இல்லினாயில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 15, 16 தேதிகளில் ஜோசப் ஸ்மித் ஃப்ரீமேசன் ஆனார். மே 4 அன்று செங்கல்லால் கட்டிய தன் கடையின் மாடியறையில் ஒன்பது ஆண்களுக்கு முதன்முதலாக எண்டோமென்ட் சடங்கை நடத்தினார். இடையில் ஏழே வாரங்கள்.

தனித்த கைகுலுக்கல்கள், சாடைகள், முன்கச்சை, மூலைமட்டமும் கவராயமும், ரகசியத்தை மீறினால் என்ன நேரும் என்று காட்டும் தண்டனைச் சைகைகள் ஆகியவை மேசன்கள் கூடும் லாட்ஜில் இருந்தவை. தண்டனைச் சைகைகள் 1990 வரை மோர்மன் சடங்கிலும் நீடித்தன, பிறகு நீக்கிவிட்டார்கள். இந்த ஒற்றுமையை அன்று பங்கேற்றவர்களும் மறைக்கவில்லை. அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஹீபர் கிம்பல் அடுத்த மாதமே நண்பருக்குக் கடிதம் எழுதினார். மேசன் சடங்கு ஆதிக் குருத்துவத்திலிருந்து எடுத்தது, பின்னர் சீரழிந்துபோனது என்று சகோதரர் ஜோசப் சொல்கிறார் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் அப்படி நம்புவது விசித்திரமும் அல்ல. மேசன்களே தங்கள் சடங்கு சாலொமோன் ஆலயத்தைக் கட்டியவர்களிடமிருந்து வந்தது என்றுதான் சொல்லிவந்தார்கள். அந்த வம்சாவளி வரலாற்றில் நிற்காது. இடைக்காலக் கல்தச்சர் சங்கங்களிலிருந்து ஸ்காட்லாந்து, இங்கிலாந்து வழியாக வளர்ந்த மரபு அது. லண்டனில் முதல் பெரும் லாட்ஜ் அமைந்தது 1717இல். ஆகவே மேசன் வழியாகச் சாலொமோனைத் தொட்டுவிடலாம் என்ற மோர்மன் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டது என்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. மேசன் லாட்ஜில் மூன்றாம் படியின் நாடகம் ஹிராம் என்ற கட்டடக் கலைஞனின் கொலையைப் பற்றியது. நேர்மையும் சகோதரத்துவமும் அதன் பாடம். அங்கே கற்ற சாடைகள் மற்ற லாட்ஜ்களின் கதவைத் திறக்கும். நாவூவின் மாடியறையில் அதே போன்ற சாடைகள் மரணத்துக்கு அப்பால் இருக்கும் கதவைத் திறப்பவை ஆகின்றன. ஆண்கள் மட்டுமே நுழைந்த மேசன் சடங்கின் கருவிகளைக் கொண்டு கட்டிய இந்தச் சடங்கு, 1843இல் ஜோசப்பின் மனைவி எம்மா தொடங்கி, பெண்களுக்கும் திறந்தது. சடங்கின் உறுப்புகளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைக் காட்டிலும், அவற்றை எந்தப் பயணத்துக்குப் பூட்டினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பயணம் ஏன் மரணத்துக்குள் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஜோசப்பின் குடும்பத்துக்குப் போக வேண்டும்.

ஜோசப்பின் மூத்த அண்ணன் ஆல்வின் 1823 நவம்பரில் 25 வயதில் இறந்தார். ஞானஸ்நானம் பெறாதவர். அடக்கத்தில் பேசிய போதகர் அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்பதை ஏறத்தாழச் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் அதை மறக்கவே இல்லை. 1836 ஜனவரியில் கர்ட்லண்டில் தனக்குக் கிடைத்த தரிசனத்தில் ஆல்வினை விண்ணுலகில் கண்டதாக ஜோசப் பதிவு செய்தார். அது எப்படி முடியும் என்று அவரே வியந்ததும் அந்தப் பதிவில் இருக்கிறது. 1840 ஆகஸ்டில் நாவூவில் ஒருவருடைய அடக்க ஆராதனையில் அதற்கு விடை சொன்னார்: இறந்தவர்களுக்காக உயிருள்ளவர்கள் ஞானஸ்நானம் பெறலாம். கூட்டத்தில், மகனை இழந்த ஜேன் நேய்மன் என்ற தாய் இருந்தார். சில வாரங்களுக்குள் அவர் மிசிசிப்பியில் இறங்கி, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த தன் மகன் சைரஸுக்காக முழுக்குப் பெற்றார். ஆற்றுக்குள் குதிரையை ஓட்டிப்போய் அருகில் நின்று, சொன்ன சொற்கள் சரியாக இருந்தனவா என்று கேட்டுச் சாட்சியானவரும் ஒரு பெண்தான். இறையியலாளர்கள் எந்தத் தீர்ப்பும் சொல்லட்டும். அந்தத் தாயை எந்த லாட்ஜின் வரலாற்றிலும் அடைக்க முடியாது.

பழங்காலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பவுல் 1 கொரிந்தியர் 15:29இல், மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுபவர்களைப் பற்றிப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். அவர்கள் யார் என்று விளக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் யோவான் கிறிசோஸ்தோம், சபை புறந்தள்ளிய மார்சியன் பிரிவினர் செய்ததாக ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். ஞானஸ்நானத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால், அவர் கிடக்கும் கட்டிலுக்கு அடியில் உயிருள்ள ஒருவரை ஒளித்துவைத்து, பிணத்திடம் சம்மதமா என்று கேட்பார்களாம். ஒளிந்திருப்பவர் பதில் சொல்வாராம். கிறிசோஸ்தோம் இதைக் கேலிக்குரியதாகச் சொல்கிறார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இன்னும் முன்னே போனால், பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில், இறந்தவர்களுக்கும் பயன்படும் தூய்மைச் சடங்குகளை விற்றுத் திரியும் ஓர்பியப் பூசாரிகளை, அதாவது ஓர்பியுஸ் என்ற புராணப் பாடகனின் பெயரால் சடங்கு நடத்தியவர்களை, சாடுகிறார். பதிலாள் நின்று இறந்தவரைக் கரையேற்றும் ஆசை, அதை ஏளனம் செய்தவர்களின் எழுத்து வழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காவலர் நிற்கும் வாசல்களுக்கு வந்தால் சான்றுகள் இன்னும் செழிப்பு. எகிப்தின் இறந்தோர் நூலில் 125ஆம் அத்தியாயத்தில் இறந்தவர் தீர்ப்பு மண்டபத்துக்குள் நுழையும்போது கதவின் தாழ்ப்பாளும் நிலையும் வாசற்படியும் ஒவ்வொன்றாக அவரை நிறுத்தி, 'என் பெயரைச் சொன்னால்தான் விடுவேன்' என்கின்றன. ஹெகலோத் எனப்படும் யூத மறைஞான நூல்களில், விண்ணுலகின் ஏழு அரண்மனைகளின் வாசல்தோறும் நிற்கும் பயங்கரமான காவலர்களிடம் முத்திரைகளைக் காட்டி மேலேறுகிறார்கள். ஜெயூவின் நூல்கள் எனப்படும் காப்டிக் மொழி ஞானவாத ஏட்டில், உடலை விட்டு மேலே செல்லும் ஆன்மா ஒவ்வொரு உலகத்தின் அதிபதிகளுக்கும் காட்ட வேண்டிய முத்திரையையும் எண்ணையும் பெயரையும் இயேசு சீடர்களுக்குச் சொல்லித்தருகிறார்.

ஸ்மித் இவற்றைப் படித்திருக்க வழியே இல்லை. இறந்தோர் நூல் என்ற பெயரோடு ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ் தூரின் பாப்பிரஸை வெளியிட்டது 1842இல்தான். ஜெயூ ஏடு அச்சேறியது அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். ஹிப்போனியன் தகடு 1969 அகழாய்வில் கிடைத்தது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். படித்திருக்க முடியாது, ஆனாலும் ஒத்திருக்கிறது, ஆகவே தெய்வ வெளிப்பாடு என்று தாவுகிறார்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த ஹியூ நிப்லி இந்த வாதத்தின் பேரறிஞர். எகிப்து, கும்ரான், சிரியா, எருசலேமின் ஆயர் சிரில் என்று அவர் தேடாத மூலை இல்லை. அவருடைய உழைப்பின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் மூவாயிரம் ஆண்டுகளிலிருந்தும் பல மொழிகளிலிருந்தும் துண்டுகளைப் பொறுக்க உரிமை இருந்தால், எந்தச் சடங்குக்கும் இணை கிடைத்துவிடும். இணைகளைத் திரட்டும் இந்த மோகத்தைப் பற்றி யூத அறிஞர் சாமுவேல் சாண்ட்மெல் 1961இலேயே எச்சரித்தார். சிரில் நல்ல உதாரணம். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் பெயரால் வழங்கும் விளக்கவுரைகளில், மேற்கு நோக்கிச் சாத்தானைத் துறப்பதும், உடை களைந்து தலை முதல் கால் வரை எண்ணெய் பூசுவதும், முழுக்கும், வெள்ளாடையும் வருகின்றன. மோர்மன் சடங்கோடு ஒப்புமை உண்மைதான். ஆனால் இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதாகமம். அங்கே ஒற்றுமைக்கு அதிசயம் தேவையில்லை.

வாசல் காவலர்களைப் பற்றிய என் எண்ணம் இது. இறப்பைப் பயணமாகவும், கடவுளின் இருப்பிடத்தை அரண்மனையாகவும் மனிதர் நினைக்கத் தொடங்கிவிட்டால், வாசல் வரும். வாசல் வந்தால் காவலன் வருவான். காவலன் வந்தால், அவனுக்குச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருக்கும். எகிப்தியரும் தங்கத் தகடு எழுதிய ஓர்பியரும் ஹெகலோத் எழுதியவர்களும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியிருக்கத் தேவையில்லை. ஸ்மித்துக்கு மேசன் லாட்ஜ் தந்தது, வாசலில் சொல் கேட்கும் காட்சி. அதை மரணத்தின் வாசலுக்கு நகர்த்தியது ஆல்வினை இழந்த துயரம் என்று நினைக்கிறேன். நகர்த்தியவுடன் அவருடைய சடங்கு, அவர் அறியாத அந்தப் பழைய வரிசையில் போய் நின்றுவிட்டது.

அறியாத என்று சொன்னேன். ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. 1835இல் ஸ்மித்தும் அவரைச் சார்ந்தவர்களும் ஓர் ஊர் சுற்றும் காட்சிக்காரரிடம் நான்கு எகிப்திய மம்மிகளையும் பாப்பிரஸ் சுருள்களையும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். அதில் ஆபிரகாம் எழுதிய வரலாறு இருப்பதாக ஸ்மித் சொன்னார். சுருள்களின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் சபைக்குத் திரும்பின. எகிப்தியல் அறிஞர்கள் படித்தார்கள். ஆபிரகாம் இல்லை. ஹோர் என்ற பூசாரிக்காக எழுதிய மூச்சு நூல் அதில் இருந்தது. இறந்தவர் மீண்டும் மூச்சுப் பெற்று மறுவுலகில் தடையின்றி நடமாட, உடலோடு வைத்துப் புதைக்கும் ஏடு அது. 1842 மார்ச்சில் நாவூவின் பத்திரிகையில் ஸ்மித் அச்சிட்ட வட்டப் படமும் மம்மியின் தலைக்கு அடியில் வைக்கும் வட்டுதான். அந்தப் படத்துக்கான விளக்கத்தில், ஏதேனில் ஆதாமுக்குக் கிடைத்த குருத்துவத்தின் திறவுச் சொற்களைப் பற்றியும், உலகுக்கு வெளியிடக் கூடாத, ஆலயத்தில் மட்டுமே பெறக்கூடியவற்றைப் பற்றியும் எழுதுகிறார். அவர் மேசன் ஆன அதே மாதம்! இறந்தவரை வாசல் கடக்கவைக்கும் ஏட்டை ஏழு ஆண்டுகள் தன்னிடம் வைத்திருந்தார், அது என்னவென்று படிக்கத் தெரியாமலே. ஆபிரகாம் மொழிபெயர்ப்பு தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டியதோடு இந்தச் சந்திப்பின் அதிர்வு அடங்கிவிடுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

எலூசிஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏதென்ஸுக்கு அருகே டெமேட்டர் தேவிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த ரகசிய விழா அது. அதை வெளியே காட்டினால் மரண தண்டனை. கி.மு. 415இல் ஏதென்ஸின் தளபதி அல்கிபியாடிஸ் மீது வந்த வழக்கு, ஒரு வீட்டில் அதை நடித்துக் கேலி செய்தார் என்பது. இத்தனை நூற்றாண்டு, இத்தனை ஆயிரம் பேர். ஆனாலும் அந்த இரவில் என்ன காட்டினார்கள் என்பது இன்றும் உறுதியாகத் தெரியாது. அறுத்த ஒரு கதிரை மௌனமாகக் காட்டினார்கள் என்று பகைவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே போகிறவர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை, ஒன்றை அனுபவிக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகத் தெரிகிறது. மோர்மன் ஆலயத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. கற்க வேண்டியது நிறைய உண்டு, அதை மனப்பாடமாக்கத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். தனக்காகப் போவது ஒரு முறைதான். பிறகு ஒவ்வொரு முறையும் இறந்துபோன ஒருவரின் பெயரில் போகிறார்கள். எலூசிஸிலோ தங்கத் தகட்டிலோ இது கிடையாது. தகடு, புதைந்த அந்த ஒருத்திக்கு மட்டும் சொந்தம். மோர்மன்களோ உலகத்தில் இறந்த அத்தனை பேருக்கும் அந்தச் சொற்களைக் கொண்டுசேர்க்க நினைத்தார்கள். உலகெங்கும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளை 1938 முதல் மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, மலையைக் குடைந்த காப்பகத்தில் சேர்த்தார்கள். இவ்வளவு பெரிய கருணைத் திட்டத்தை வேறெந்த மறைசடங்கும் முயன்றதில்லை.

அதே கருணை பிறரைக் காயப்படுத்தியும் இருக்கிறது. நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்கள் இந்தப் பட்டியல்களில் ஏறியதை அறிந்த யூத அமைப்புகள் கொதித்தன. யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்டவர்களுக்குக் கிறிஸ்தவ முழுக்கு! 1995இல் அதை நிறுத்த சபை ஒப்புக்கொண்டது. அதன் பின்னும் மீறல்கள் வெளிவந்தன.

இன்னொன்று, சபைக்குள்ளேயே நிகழ்ந்தது. எலூசிஸில் கிரேக்கம் பேசத் தெரிந்து, கொலைக்கறை இல்லாமல் இருந்தால் அடிமையும் நுழையலாம். மோர்மன் ஆலயமோ 1978 வரை கறுப்பின மக்களுக்கு எண்டோமென்ட்டை மறுத்தது. ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் நாவூவில் ஜோசப் ஸ்மித்தின் வீட்டில் வாழ்ந்து வேலை செய்தவர், பிறகு உட்டாவுக்கு வந்து குடியேறியவர். தனக்கும் எண்டோமென்ட் வேண்டும் என்று தலைவர்களிடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1894 ஏப்ரலில் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், ஒவ்வொருவரும் தம் மூதாதையரோடு தலைமுறை தலைமுறையாக இணைக்கப்பட வேண்டும் என்று அறிவித்தார். அந்த ஆண்டே உட்டாவின் வம்சாவளிக் கழகமும் பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் ஜேனுக்கும் ஆலயத்தில் ஒரு சடங்கு நடந்தது: ஜோசப் ஸ்மித்தின் வீட்டுக்கு என்றென்றைக்கும் ஊழியக்காரியாக அவரை இணைத்தார்கள். உயிரோடு, அதே ஊரில் இருந்த அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாளாக ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார்.

ஜேன் அதில் நிறைவடையவில்லை, பிறகும் கேட்டார். 1908இல் இறந்தார். தடை நீங்கிய மறு ஆண்டு, 1979இல், அவர் பெயரில் யாரோ ஒருவர் ஆலயத்துக்குள் போய் எண்டோமென்ட் பெற்றார். இதை ஈடுசெய்தல் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். அவர் தன் காலால் நடந்து உள்ளே போகத்தான் கேட்டார்.